பர்னபாஸ் வரைந்த கோபுரம்

தங்கச் சுரங்கக் கம்பெனியின் சர்வே ஆபீஸின் பின்பக்கம், டீ டம்ளர் கழுவுகிற தொட்டிக்கு எதிரே ஒரு மாதா காலண்டர் தொங்கியது. காலண்டர் கையகலம்தான். அதைச் சுற்றிச் சுவரில் ஒரு கதவளவுக்கு வெளுத்த கட்டம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் புகையும் தூசியும் பட்டுப் பழுத்துப்போயிருக்க, அந்தக் கட்டம் மட்டும் நேற்று சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. லூயிசா எட்டு வருஷம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே டம்ளர் கழுவினாள். முன்னால் அங்கே என்ன மாட்டியிருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மைனை மூடப் போகிறார்கள் என்று உறுதியான பிறகு, 2001 ஜனவரியில், ஆபீஸைப் பெருக்குகிற கோவிந்தம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அங்கே இருந்தது மைனின் பெரிய பிளான். பூமிக்குள் அடுக்கடுக்காக இறங்குகிற லெவல்களில் எந்த லெவலில் எந்தப் பக்கத்தைச் சுவர் எடுத்து அடைத்துவிட்டார்கள் என்று சிவப்பு மையில் உத்தேசமாகக் கோடு கோடாகக் கிழித்துக் காட்டியிருக்கும். லூயிசாவின் வீட்டுக்காரர் ராயப்பன் கிடக்கிற இடமும் அந்தச் சிவப்புக்குள்தான் இருந்தது. அவள் வேலைக்கு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஆபீஸில் பிளான் வரைகிற பர்னபாஸ், கால் சரியில்லாத மனுஷன், ஸ்டூல் போட்டு ஏறித் தனியாகவே அந்தப் பிளானை இறக்கியிருக்கிறார். சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலிக்குப் பின்னால், டீ கொண்டு வருகிறவள் கண்ணில் படாதபடி பீரோ மறைவில் மாட்டிக்கொண்டார். வெறும் சுவர் கண்ணை உறுத்துமே என்று ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்து போய் மாதா காலண்டர் வாங்கி வந்திருக்கிறார். அவர் மெத்தடிஸ்ட் கோயில்காரர். அவர் வீட்டில் மாதா படம் கிடையாது.

“சொல்லக்கூடாதுன்னாரு, சொல்லல,” என்றாள் கோவிந்தம்மா. “இப்ப ஆபீஸே போவப் போவுது. இனிமே சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா.”

பர்னபாஸைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் காலண்டரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் செய்ததெல்லாம் அப்படித்தான். செய்துவிட்டு அந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்றுகொள்வார்.

பத்தொன்பது வயதில் சர்வேயரோடு அளவுச் சங்கிலி பிடிக்கக் கீழே இறங்கியவர். பதினோரு வருஷம், ஆட்களை இறக்குகிற கேஜில் ஏறி இறங்கினார். ஒரு தடவை பாறை ஏற்றிய தள்ளுவண்டி கணுக்காலை நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு மேலே ஆபீஸில் பிளான் வரைகிற வேலை கொடுத்தார்கள். கலியாணம் ஆகி இரண்டாவது வருஷம் அவர் மனைவி ஆம்பூரில் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, மற்றவர்கள் கேட்டும் பலனில்லை. கம்பெனி லைனில் ஓர் அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு. பாட்டு முடிந்து ஜனங்கள் கைகுலுக்கிக்கொள்ளும்போது இவர் ஏற்கெனவே வாசல்படி இறங்கிக்கொண்டிருப்பார். சிரிப்பார், ஆனால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

லூயிசாவுக்கு வேலை வந்தது ராயப்பன் போனதால்தான். 1992இல் எண்பத்தேழாவது லெவலில் ஏர் பிளாஸ்ட். கீழே பாறை இறுக்கம் தாங்காமல் தானாகவே வெடித்துச் சரிவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. தெற்கு முனையில் வேலை செய்த மூன்று பேரில் இரண்டு பேரை எடுத்தார்கள். ராயப்பனை எடுக்க முடியவில்லை. ஒன்பது நாள் பார்த்துவிட்டு, உள்ளே போகிறவர்கள் உயிருக்கும் ஆபத்து என்று சுவர் எடுத்து அடைத்தார்கள். சாமியார், மைனுக்குள் இறங்குகிற ஷாஃப்ட்டின் வாசலில் நின்று ஜெபம் சொன்னார்.

அவளுக்கு இருந்த குறை ஒன்றுதான். நவம்பர் இரண்டாந்தேதி கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அன்றைக்குச் சாமந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். லூயிசாவுக்கு நிற்க ஒரு கல்லறை இல்லை. ஷாஃப்ட் கேட்டின் மதில் ஓரமாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பாள். வாட்ச்மேன் பார்க்காதவன் போலத் திரும்பிக்கொள்வான். காற்றுக்கு அது நிற்காது. கேட் வழியாகப் போகிறவர்கள் செருப்புத் தூசி அதன்மேல் படும். தன் மனுஷன் மண்ணுக்குள் எங்கே இருக்கிறார், எந்த இடத்தில் நின்றால் அவருக்கு நேர் மேலே நிற்பது ஆகும் என்று தெரிந்தால் போதும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மனுஷர்களிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

1996இல் சர்வே ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையைத் தடுத்து ஏ.சி. போட்டார்கள். பெரிய ஆபீசரானாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லூயிசாவுக்கு அது கோயில் மாதிரியே தோன்றியது. டீத் தட்டோடு உள்ளே போகும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். கோயில் பீடத்துணிக்குத் தைக்கிற குறுக்குத் தையலில் பூப் போட்டு மானிட்டருக்கு ஓர் உறையும் தைத்துக் கொடுத்தாள்.

அந்த அறையில் உட்கார ஆள் கேட்டபோது ஒருவரும் வரவில்லை. குளிரில் தனியாக உட்கார்ந்து எண் தட்டுகிற வேலை யாருக்கு வேண்டும்? தனியாக இருக்கப் பழகியவர் ஒருவர்தான் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் நாகேஷ் அவருக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கனமான ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றையும் தந்தார். கம்ப்யூட்டரில் படம் வரைகிற வித்தை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று அதில் இருந்தது. பர்னபாஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒரு வருஷம் படித்தார். படித்ததைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டு வருகிறவளிடம்தான் சொன்னார். அவள் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காது கொடுத்துக் கேட்பாள். அது போதுமாயிருந்தது.

முதல் முதலில் இது யுத்தத்துக்கு வரும் ஏரோப்ளேன்களைக் கண்டுபிடிக்கிற ரேடார் கண்ணாடியிலிருந்து வந்ததாம். அந்த வட்டக் கண்ணாடியில் ஒளியை ஒரு பேனா முனை போல ஓட்டிக் கோடு போடுவார்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், ஒளிப்பேனாவைக் கண்ணாடிமேலேயே வைத்துக் கோடு இழுத்து, அதை வட்டமாக்கு, இதை நேராக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வரைந்து காட்டினாராம். அப்போதெல்லாம் கோடு மட்டும்தான். பிற்பாடு நினைவுச் சில்லு விலை இறங்கியதும் கண்ணாடி முழுக்கப் புள்ளிகளாக அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே ஓர் அறை. அந்த அறையில் என்ன எண் எழுதி வைக்கிறோமோ, அந்த நிறத்தில் புள்ளி எரியும்.

“ஒங்க தையல் மாதிரியேதான்,” என்றார் ஒரு நாள். சாய்ந்த கோட்டைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நேர்கோடு என்று நினைத்தது படிப்படியாக இருந்தது. புள்ளிகள் கட்டத்தில் அசையாமல் இருக்கின்றன. கோடு சாய்ந்து போக வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் ஒவ்வோர் அடியிலும், நேராகப் போகவா, ஒரு படி இறங்கவா என்று கேட்டுக்கொள்ளுமாம். எது உண்மையான கோட்டுக்குக் கிட்டே இருக்கிறதோ அந்தப் புள்ளியை ஏற்றும். மிச்சமான பிசகை மறக்காமல் அடுத்த அடிக்கு எடுத்துக்கொண்டு போகும். லூயிசா யோசித்துப் பார்த்தாள். பீடத்துணியில் சிலுவையின் கதிர்களைச் சாய்த்துத் தைக்கும்போது அவளும் அப்படித்தான் செய்கிறாள்.

இன்னொரு நாள், இந்த வித்தையைப் படிக்கிறவர்கள் உலகம் முழுக்க முதலில் எதை வரைந்து பழகுகிறார்கள் தெரியுமா என்று கேட்டார். தாமரையா, தேவதையா என்றாள். டீக்கெண்டி என்றார். அவள் நம்பவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வளைந்த மூக்கும் கைப்பிடியுமாகக் கெண்டியேதான். எழுபதுகளில் ஒருவர் வளைவான பொருள் ஒன்றை வரைந்து பார்க்கத் தேடிக்கொண்டிருந்தாராம். வீட்டில் டீ குடிக்கும்போது அவர் மனைவி, இந்தக் கெண்டியையே வரையேன் என்றாளாம். அவர் அதைக் கட்டத்தாளில் அளந்து எண்ணாக்கினார். அன்றைக்குக் கெண்டிக்கு அடிப்பாகம் போட மறந்துபோனார்.

“அடி இல்லாத கெண்டியா? டீ எங்கண்ணா நிக்கும்?”

“அவருக்கு டீ ஊத்தித் தர வீட்ல ஆள் இருந்தாங்க. கெண்டிக்கு அடி எதுக்கு,” என்றார் பர்னபாஸ். தோள் குலுங்கியது. பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். லூயிசா டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.

கம்பெனி அவருக்குக் கொடுத்த வேலை பெரிய வேலை. மைனில் எங்கெங்கே குடைந்திருக்கிறது என்று முழுசாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சர்வேயர்கள் எழுபது, எண்பது வருஷமாக லெவல் லெவலாகக் கூரையில் முளை அடித்து அளந்து புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். முளை ஒவ்வொன்றுக்கும் மூன்று எண். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, எத்தனை அடி ஆழம். மூன்றையும் தட்டினால் திரையில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால் கம்பியால் கட்டிய கூடு மாதிரி மைன் வரும். பாறையை வரைவதில்லை. மனுஷர்கள் நடந்த வழியை மட்டும்தான் வரைவது. நாலாயிரத்துச் சொச்சம் முளைகளைத் தட்ட அவருக்கு ஒன்றேகால் வருஷம் ஆயிற்று.

1998 மார்ச்சில் ஒரு நாள், முழுசையும் சேர்த்து முதல் தடவை காட்டப்போகிறார் என்று நாகேஷும் இரண்டு ஆபீசர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். லூயிசா டீத் தட்டோடு பின்னால் நின்றாள். பர்னபாஸ் பட்டனைத் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. தரையைக் காட்டுகிற கோடு அடியில் இருந்தது. அதற்கு மேலே ஷாஃப்ட் நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து லெவல்கள் கிளை கிளையாக விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, திரையின் உச்சி வரைக்கும் போயின. மைன் பூமிக்குள் இறங்காமல் வானத்தைப் பார்த்து நின்றது.

“இன்னா பர்னபாஸ், கம்பெனிய ஆகாசத்துல கட்டி விட்டுட்ட,” என்றார் நாகேஷ். “தங்கத்த எடுக்க இனிமே ஏணி வெக்கணும்.”

ஆபீசர்கள் சிரித்தார்கள். பர்னபாஸின் காது சிவந்துபோயிற்று. மைன்காரன் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்வான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எண் கூடினால் ஆழம் கூடுகிறது என்று அர்த்தம். எண்பத்தேழு என்றால் எண்பதுக்குக் கீழே. அதோடு, திரையிலும் மேல் மூலைதான் பூஜ்யம், கீழே இறங்க இறங்க எண் ஏறும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். ஷாஃப்ட் மாதிரியே எண்ணுகிறதே என்று சந்தோஷப்பட்டு, ஆழத்தை அப்படியே தட்டிவிட்டார். ஆனால் பிளான் வரைகிற புரோகிராம் மூன்றாவது எண்ணை உயரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆழத்துக்கெல்லாம் முன்னால் மைனஸ் போட்டிருக்க வேண்டும்.

லூயிசாவுக்கு இதெல்லாம் அப்போது விளங்கவில்லை. அவள் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர்கள் டீ குடித்துப் போன பிறகு, எண்பத்தேழு எங்கேண்ணா என்று கேட்டாள். பர்னபாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டார். விரலைத் திரையில் தொடாமல் நீட்டிக் காட்டினார். கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது அது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சரி செய்ய ஒரு நிமிஷ வேலைதான். எல்லா ஆழத்தையும் மைனஸ் ஒன்றால் பெருக்கு என்று ஒரு வரி தட்டினால் போதும். அதற்கு முன்னால் அவர் இன்னொன்று செய்து காட்டினார். மைனை நேர் மேலே இருந்து பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்க்க மூன்றாவது எண்ணை மறந்துவிட வேண்டும், கிழக்கும் வடக்கும் மட்டும் போதும் என்றார். கோபுரம் படுத்துவிட்டது. தரையில் ஊர்ந்த வேர்கள் போலக் கோடுகள் மட்டும் தெரிந்தன. பிறகு மைனஸ் போட்டார். மேலே இருந்து பார்த்த படத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. பக்கவாட்டில் திருப்பியபோது மைன் நல்லபடியாகத் தலைகீழாகி, பூமிக்குள் தொங்கியது.

அந்தத் தைரியத்தில்தான் லூயிசா கேட்டாள். ஐந்து வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“அப்டின்னாண்ணா, அவருக்கு நேர் மேல, இந்தத் தரையில எந்த எடம்னு சொல்ல முடியுமா? ஒரு மெழுகுவத்தி வெக்கத்தான்.”

முடியும் என்றார் பர்னபாஸ். ஆனால் ராயப்பன் வேலை செய்த தெற்கு முனை இன்னும் ஏறவில்லை. அந்தப் பக்கத்தை அளந்த கடைசிப் புத்தகம் ஏர் பிளாஸ்ட் அன்றைக்குத் தண்ணீரில் ஊறித்தான் மேலே வந்தது. அடைத்துப்போட்ட பக்கம் கம்பெனிக்குத் தேவையில்லை என்பதால் அது பீரோவில் கிடந்தது. ஷிஃப்ட் முடிந்த பிறகு மட்டும் பார்க்கலாம் என்று நாகேஷ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பர்னபாஸ் சாயங்காலம் ஐந்து மணி சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரம் அந்தப் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்தார். மை கரைந்து எட்டும் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். முந்தின முளையிலிருந்து அடுத்த முளை எந்தத் திசையில் எத்தனை அடி என்றுதான் எழுதியிருக்கும். ஒன்றில் பிசகினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பிசகும். 1999 அக்டோபரில் கடைசி முளைக்கு வந்துவிட்டார். லூயிசாவுக்குத் தெரியும். தினமும் டீ வைக்கும்போது முகத்தைப் பார்ப்பாள். அவர் குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருஷமும் அவள் ஷாஃப்ட் மதில் ஓரத்திலேயே மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பி வந்ததும் மனசு தாங்காமல், ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லிடுங்கண்ணா என்றாள்.

“எடம் வந்திருக்கு. ஏரி நடுவுல வருது,” என்றார் பர்னபாஸ். “எனக்கு அது சரின்னு படல. தப்பான எடத்துல ஒங்கள நிக்க வெக்கமாட்டேன் லூயிசாம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க.”

அந்தக் கொஞ்ச நாள் பத்து மாதம் ஆயிற்று. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அதற்குள் வலுத்துவிட்டது. சில வேலைகளை நிறுத்தினார்கள். சில பேர் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். டிசம்பருக்குள் கம்ப்யூட்டரைப் பெட்டி கட்டிவிடுவார்கள் என்று நாகேஷ் சொன்னார். கம்ப்யூட்டர் போனால் அந்த நாலாயிரம் முளையும் போகும், ராயப்பனின் இடமும் போகும். லூயிசா ஜெபமாலையில் ஒரு சுற்றை அந்தப் பெட்டிக்காக வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவர் தட்டிலிருந்த டீயைத் தொடவே இல்லை. திரையில் தெற்கு முனையின் கோடுகள் ஒரு நிறத்திலும் மற்ற மைன் வேறு நிறத்திலும் இருந்தன. பழைய காலத்தில் அந்தப் பக்கத்தை அளந்தவர்கள், உண்மையான வடக்கை வைத்துக்கொள்ளாமல் தங்கம் இருக்கிற பாறை நரம்பான ரீஃப் ஓடுகிற திசையையே வடக்கு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். எண் சரி, திசை மட்டும் சில பாகை சாய்ந்திருந்தது. ஒரு முளையை ஆணி போல நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றித் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் பிடிக்காத சைன், காஸ் கணக்குதான் அது. ஒவ்வொரு புள்ளியும் பழைய கிழக்கில் கொஞ்சமும் பழைய வடக்கில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு புது இடத்துக்கு நகர்ந்தது. இரண்டு நிறமும் மெல்ல வந்து ஒன்றோடொன்று பொருந்தின. ஏரியிலிருந்த புள்ளி கரை ஏறி மேற்கே போய் நின்றது.

ஷாஃப்ட் கேட்டிலிருந்து அந்த இடம் முக்கால் மைல் தள்ளியிருந்தது. ரீஃப் நேராக இறங்குவதில்லை, மேற்கே சாய்ந்து இறங்குகிறது என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். எட்டு வருஷம் யாரும் இல்லாத இடத்தில் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது லூயிசாவுக்கு அழுகை வந்தது. ஆண்டவருக்குத் தெரியும், வெளிச்சம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

2000 நவம்பர் இரண்டாந்தேதி வியாழக்கிழமை. இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டார்கள். ரோட்டு ஓரத்து சர்வே கல்லிலிருந்து பர்னபாஸ் காம்பஸ் வைத்து டேப் பிடித்தார். மறுமுனையை லூயிசா பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் காலை இழுத்து இழுத்து வந்தார். தைல மரங்களைத் தாண்டியதும் ஒரு கேழ்வரகுக் கொல்லை. கதிர் முற்றி நின்றது. டேப்பைப் பார்த்ததும் கொல்லைக்காரி ஓடி வந்தாள். தெலுங்குக்காரி. அவள் நிலத்தைக் கவர்ன்மென்ட் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பயந்துவிட்டாள். பர்னபாஸ் அவளிடம் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். நிலம் உனக்கேதான் அம்மா, இந்த அம்மாவின் வீட்டுக்காரர் உன் கொல்லைக்கு அடியில், ஒன்றரை மைலுக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறார், ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போகிறோம் என்றார்.

அந்தப் பெண்பிள்ளை காலடி மண்ணைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். தானே குனிந்து இரண்டு கையாலும் கதிர்களை விலக்கி, ஒரு முறத்தளவு இடம் செய்து கொடுத்தாள். பர்னபாஸ் மரமுளை ஒன்றை அடித்தார். பத்தடி இப்படி அப்படி இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது என்றார். லூயிசா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். மூன்று பக்கமும் கதிர் மறைத்ததால் காற்று படவில்லை. அது கடைசி வரைக்கும் நின்று எரிந்தது. பர்னபாஸ் அதற்குள் தைல மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி கடைசியில் மைனை மூடினார்கள். கம்ப்யூட்டர் அதற்கு முன்பே போய்விட்டது. மானிட்டர் உறையைப் பர்னபாஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். லூயிசாவின் மகள் சாராவும் மருமகனும் பெங்களூரில் இருந்தார்கள். இனிமேல் இங்கே தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று கூப்பிட்டார்கள். சரி என்றாள். ஆனால் மனசு அந்தக் கொல்லையிலேயே நின்றது. உழும்போது முளை போய்விடும். நவம்பரில் அவளால் வர முடியுமா, வந்தாலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? எட்டு வருஷம் கேட்டுக் கிடைத்த இடம் நாலு மாதத்தில் கையை விட்டுப் போகிறதே என்று இருந்தது. இதை அவள் பர்னபாஸிடம் சொல்லவில்லை. அவருக்கே போகிற இடம் சரியாகத் தெரியவில்லை. ஆம்பூரில் அக்கா மகன் வீட்டில் திண்ணையில் ஓர் இடம் இருக்கிறதாம்.

மார்ச் பத்தாந்தேதி காலை கோரமண்டல் ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட அவர் வந்தார். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை. அந்த வருஷம் மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அக்கா மகனிடமிருந்து கார்டு வந்தது. அவர் பெட்டியில் குறுக்குத் தையல் போட்ட துணி ஒன்று இருந்ததாகவும், இது உங்களுடையதா என்றும் அதில் கேட்டிருந்தது. பெங்களூரில், மகள் வீட்டு மாடியில், அந்த நவம்பரில் லூயிசா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் அவளுடைய டிரங்குப் பெட்டியின் மேல் அந்த மாதா காலண்டர் கட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் அதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கக்கத்திலிருந்த காகிதச் சுருளை ஜன்னல் வழியாக நீட்டினார். ஓரத்தில் ஓட்டை போட்ட பிரிண்டர் காகிதம். பிரித்துப் பார்த்தாள். அடியில் தரைக் கோடு. அதற்கு மேலே ஷாஃப்ட் நிமிர்ந்து, லெவல் லெவலாக விரிந்து வானத்துக்கு ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருந்தது. இன்ஜின் ஊதியது. பர்னபாஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்கிற வரைக்கும் கூடவே இரண்டு அடி நடந்தார்.

“கம்பெனிக்குக் குடுத்த படத்துல மைனஸ் போட்டுட்டேன் லூயிசாம்மா. இதுல போடல. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் மெழுகுவத்திய அங்கயே ஏத்துங்க. மேலருந்து பாக்கறவருக்கு ரெண்டும் ஒரே படம்தான்.”